அத்தையின் கணினி எழாத வெள்ளிக்கிழமை

லெசியெலி அத்தை கணினியைப் போடுவதற்கு முன்னால் இடுப்பில் பாய் கட்டிக்கொள்வார். எங்கள் ஊரில் தேவாலயத்துக்கும் சாவு வீட்டுக்கும் மரியாதைக்காகக் கட்டிக்கொண்டு போகிற அதே நெய்த பாய்தான். "ஆபீசுக்குப் பாய் கட்டாம யாராவது போவாங்களா?" என்பார். ஆபீஸ் என்பது அவர் வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் மேசை. வேலை முடிந்ததும் கணினியை அணைப்பார், சுவரில் சுவிட்சை அணைப்பார், ப்ளக்கையும் பிடுங்கி மேசைமேல் வைப்பார். அதன் பிறகுதான் பாய் அவிழும். மின்னலுக்குப் பயந்து, நடுக்கடலில் கிடக்கும் எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் ப்ளக்கைப் பிடுங்கித்தான் வைப்போம்.

அத்தைக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பள்ளியைப் பாதியில் விட்டவர். பாதிரியார் வீட்டில் துணி துவைக்கப் போன இடத்தில், அங்கிருந்த தட்டச்சுப் பொறியைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவர். அந்தப் பழக்கத்தில் கணினியின் விசைகளையும் ஆணி அடிப்பதுபோல் அடிப்பார்; பாதி எழுத்துகள் அழிந்தே போய்விட்டன. ஊர் ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகும் பருவ வேலைக்கான காகிதங்களை ஆறு வருடமாக அவர்தான் பார்க்கிறார். அந்த ஆறு வருடத்தில் ஒரு பெயரும் தவறாகப் போனதில்லை. ஒருவர் பாஸ்போர்ட்டும் தொலைந்ததில்லை.

அந்தக் கணினி ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பியது. பீப்பாயில், பழைய துணிக்கும் டின் மாட்டிறைச்சிக்கும் நடுவில் வந்து இறங்கியது. மாதம் ஒரு முறை அத்தை அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, கோழி இறகால் எறும்பையும் பல்லி முட்டையையும் கூட்டித் தள்ளுவார். என்னைக்கூடத் தொடவிட மாட்டார். இத்தனைக்கும் சுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் கணினி படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கி வந்தவன் நான். பட்டமளிப்பு உடையில் நான் நிற்கும் படம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா அதைச் சட்டம் போட்டு அத்தை வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டார். எங்கள் ஊர் முறைப்படி பெருமை முதலில் அப்பாவின் அக்காவுக்கு, பிறகுதான் எங்களுக்கு. அந்தப் படம் கணினிக்கு நேர் மேலே தொங்குகிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெனி என்னைக் கூப்பிட வந்தான். நானும் அவனும் ஒரே வயது. இந்தப் பருவம் ஆஸ்திரேலியாவுக்குப் போகவிருக்கும் பதினொரு பேரில் அவனும் ஒருவன். போன சூறாவளியில் கூரை பறந்த பிறகு, அவன் அம்மா இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் சமைக்கிறார்.

"டேய் பட்டதாரி, உன் அத்தை கூப்பிடறாங்க. பெட்டி எந்திரிக்க மாட்டேங்குதாம்."

"எந்திரிக்கலன்னா? திரையே வரலையா?"

"நீலமா ஏதோ வருதாம். நான் பாக்கல. உள்ள விட்டாத்தானே பாக்கறதுக்கு."

அன்று மாலை நான்கு மணிக்குள் பதினொரு பேரின் காகிதங்களும் மின்னஞ்சலில் தலைநகருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆளுக்குப் பதினான்கு பக்கம், புகைப்படம், மருத்துவச் சான்று. மூன்று வாரம் அத்தை உட்கார்ந்து அடித்தது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. நேரத்துக்குப் போகவில்லை என்றால் எங்கள் பதினொரு இடமும் பட்டியலில் அடுத்து நிற்கும் தீவுக்குப் போய்விடும். நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்றால், ஒரு முறை யாரோ சொருகிய பென்டிரைவிலிருந்து வைரஸ் வந்ததிலிருந்து அத்தை எந்தப் பென்டிரைவையும் பக்கத்தில் விடுவதில்லை.

நான் போனபோது அத்தை பாய் கட்டி, முதுகை நிமிர்த்தி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இனோகே. காலையில போட்டேன், இப்படி நிக்குது."

கணினியை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் கடிகார நேரம் சரியில்லை என்று ஒரு வரி வந்தது. பழைய பெட்டிகளில் இது சகஜம். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் மணியை மறந்துவிடும். அதற்குமேல் யோசிக்காமல் விசையை அழுத்தித் தாண்டிப் போனேன். அன்று நான் செய்த பெரிய தப்பு அதுதான். விண்டோஸின் சின்னம் வந்தது, கீழே புள்ளிகள் சுற்றின. பிறகு நீலத் திரை. தொடங்க வேண்டிய டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்றது. தானே அணைந்து, தானே எழுந்து, பழுது பார்க்கிறேன் என்றது. முடியவில்லை என்றது. மறுபடி நீலம்.

எங்கள் தொழிலில் முதல் கேள்வி ஒன்று உண்டு. கடைசியாக இதை என்ன செய்தீர்கள்? சுவாவில் எங்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். யாரிடமும் கேட்டுவிடலாம். ஆனால் அப்பாவின் அக்காவிடம், 'நீங்கள் என்ன செய்தீர்கள்' என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் வாய் வராது. என் அப்பாவே கேட்டதில்லை. அவர் நல்லாத்தான் இருந்துச்சு என்றால் நல்லாத்தான் இருந்தது. அதோடு முடிந்தது.

ஆகவே கேட்காமலேயே வேலையில் இறங்கினேன். அச்சு இயந்திரம், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போட்டேன். நீலம். பாதுகாப்பு முறையில் ஏற்றிப் பார்த்தேன். நீலம். தகட்டைக் கழற்ற அத்தையிடம் அனுமதி வாங்கி, மெமரியைக் கழற்றி, அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். டிஸ்க்கின் கம்பியை அழுத்திச் சொருகினேன். நீலம். வீட்டுக்கு ஓடிப்போய் என் பழுதுபார்க்கும் பென்டிரைவை எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் அத்தையின் முகம் சுருங்கியது. அந்தப் பென்டிரைவிலிருந்து எழுப்பிப் பார்த்தால், பெட்டிக்குள் டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை.

மணி பதினொன்றரை. வாசல் சீமைப்பலா மரத்தடியில் அதற்குள் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை, யாரும் சத்தமாகப் பேசவில்லை. பெனி மட்டும் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்னடா, உசிரு இருக்கா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்க. உன் போட்டோ மட்டும் மேலேர்ந்து நல்லா சிரிக்குது."

"பெனி, மரத்தடிக்குப் போ" என்றார் அத்தை. தலை மறைந்தது.

தலைநகரில் கணினிக் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவனைக் கைப்பேசியில் பிடித்தேன். நான் சொன்னதை முழுதாகக்கூடக் கேட்கவில்லை அவன். "டிஸ்க்கே தெரியலையா? அப்ப அது போச்சு. வேற டிஸ்க் போட்டு விண்டோஸ ஏத்து. உள்ள இருக்கறத மறந்துடு" என்றான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்க்க வழியில்லை. பள்ளியில் இருப்பவை எல்லாம் மடிக்கணினிகள், அதற்கான கம்பி தீவில் யாரிடமும் இல்லை. காற்று அடங்காததால் இரண்டு வாரமாகக் கப்பலும் வரவில்லை. கடையில் மாவு தீர்ந்து, தீப்பெட்டி தீர்ந்து, அலமாரி வெறிச்சென்று கிடந்தது.

கைப்பேசியை வைத்தேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"மறந்துடுன்னு சொல்றானா?"

"அவன் சும்மா சொல்றான் அத்தை."

"அந்தப் பசங்க அம்மாக்கள்கிட்ட நான் போய் என்ன சொல்றது?"

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். நடக்கும்போது இடுப்புப் பாய் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்நாளில் அவர் முதுகு வளைந்து நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டரை மணிக்குத்தான் சாப்பாடு வந்தது; அதுவரை செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த டின் மாட்டிறைச்சி, வேகவைத்த வள்ளிக்கிழங்கு. நான் கிழங்கைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தையின் கணவர் ஃபெலேட்டி மாமா வந்து பாயில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சர்க்கரை நோய்க்காரர். எதையும் விளையாட்டாகவே பேசுவார்.

"சாப்புடு மாப்ள. செத்த பெட்டிக்காகப் பட்டினி கிடந்தா நாளைக்கு ரெண்டு சாவு எடுக்கணும்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தார். விரலில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். மீட்டர் பளிச்சென்று எரிந்து, கீச்சென்றது.

என் கையில் இருந்த கிழங்கு கையிலேயே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் அதே மீட்டரைத் தட்டித் தட்டி, "இதுவும் என்னை மாதிரி தூங்கிடுச்சு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவர் அவர். கடையில் பேட்டரி இல்லை. கப்பலும் வரவில்லை.

அத்தையைக் கேட்க முடியாது. மாமாவைக் கேட்கலாம். மாமாவிடம் எதையும் கேட்கலாம்.

"மாமா, இதுக்கு பேட்டரி எங்க கிடைச்சுது?"

மாமா மீட்டரைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல பேட்டரியெல்லாம் ஆண்டவன் குடுக்கறது மாப்ள. ஆண்டவன் இப்ப கிழங்கு பரிமாறிக்கிட்டிருக்கார்."

அத்தை கரண்டியை வைத்தார். "நான்தான் நேத்து வேலை முடிஞ்சப்புறம் மாத்துனேன். இவருக்கு ரெண்டு நாளா தலை சுத்தல், மீட்டர் செத்துக் கிடக்கு. பெட்டியைக் கூட்டறப்போ உள்ள ஒரு பேட்டரி பாத்திருக்கேன், அதே வட்டம், அதே நம்பர். தீந்து போனத அதுல வெச்சுட்டு, நல்லத இதுல போட்டேன். பெட்டிக்குத்தான் சுவத்துலேர்ந்து கரண்ட் வருதே."

நான் எழுந்துவிட்டேன். நேற்று மாலைவரை ஓடிய பெட்டி. பேட்டரி போனது. ராத்திரி முழுக்க ப்ளக் பிடுங்கிக் கிடந்தது. அப்படியானால் டிஸ்க் சாகவில்லை. செத்திருந்தால் விண்டோஸின் சின்னம் எங்கிருந்து வரும்? பேட்டரி காப்பாற்றுவது கடிகாரத்தை மட்டுமல்ல, பெட்டியின் உள் அமைப்புகளையும்தான். அது தீர்ந்ததும் பெட்டி தன் பிறவி அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆக்லாந்தில் விண்டோஸ் ஏற்றியவர் அதை மாற்றிவைத்து ஏற்றியிருக்க வேண்டும். இன்று பெட்டி ஒரு பாஷை பேசுகிறது, விண்டோஸ் இன்னொன்றை எதிர்பார்க்கிறது.

எச்சில் கையைக் கழுவினேனா என்றுகூட நினைவில்லை. பெட்டியை எழுப்பி, அமைப்புத் திரைக்குள் போனேன். டிஸ்க் என்ற பக்கத்தில் இரண்டே வழிகள். ஒன்றில் குறி இருந்தது. மற்றதுக்கு மாற்றினேன். சேமித்து வெளியே வந்தேன்.

சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. அத்தை என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். புள்ளிகள் நிற்கவேயில்லை. பிறகு அத்தையின் பேரப்பிள்ளைகள் படம் போட்ட திரை விரிந்தது.

அத்தை 'கடவுளே' என்றுகூடச் சொல்லவில்லை. "கோப்பு இருக்கா பாரு" என்றார். இருந்தது. பதினொன்றும் இருந்தன.

ஆனால் என் கைப்பேசியின் இணையத்தோடு பெட்டியை இணைத்தால் மின்னஞ்சல் பக்கம் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று தள்ளியது. மணி மூன்றேகால். மூன்று முறை முயன்றேன். நான்காவது முறைதான் திரையின் மூலையைப் பார்த்தேன். பெட்டியின் தேதி பன்னிரண்டு வருடம் பின்னால் நின்றது. காலையில் நான் தாண்டிப் போன அதே கடிகாரம். தேதியைச் சரிசெய்தேன். பக்கம் திறந்தது.

கோப்புகள் ஏறத் தொடங்கின. நூற்றுக்கு எட்டு. நூற்றுக்குப் பதினொன்று. இப்போது கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. அந்த நேரம் பார்த்துப் பெனி மெல்ல உள்ளே வந்து, கையில் சார்ஜரோடு சுவர்ப்பக்கம் குனிந்தான்.

"அந்த சுவிட்சு மேல கை வெச்சே," என்றார் அத்தை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆஸ்திரேலியா என்ன, உங்க வீட்டுக் கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டே."

பெனி சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றான். அத்தை போய்ச் சுவிட்சை முதுகால் மறைத்துச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கோப்புகள் போய்ச் சேர்ந்தன. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வர இன்னும் நான்கு நிமிடம் ஆனது. அதை உரக்கப் படிக்கும்படி பெனியிடமே சொன்னார் அத்தை. அவன் படித்துவிட்டு மரத்தடிக்குப் போனான். அங்கே யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

"பேட்டரியைத் திருப்பி இதுல போட்டுடட்டுமா?" என்று மாமா மீட்டரை நீட்டினார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, காலையிலயே என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல? இத்தன படிச்சிருக்க, ஒரு வார்த்த கேக்கத் தெரியல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

புதுப் பேட்டரி வரும்வரை ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கப்பல் வர இன்னும் ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அத்தை பாயை அவிழ்க்கவில்லை. ஆபீஸ் திறந்திருக்கும்போது எப்படி அவிழ்ப்பது? பாயோடு சமைத்தார், பாயோடு துணி துவைத்தார். "நான் ஒரு ஆபீஸரோட குடும்பம் நடத்தறேன் மாப்ள" என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்தாம் நாள் பேட்டரி வந்தது. அத்தையே தகட்டைக் கழற்றி, தானே மாட்டினார். அமைப்புத் திரையை நான் ஒரு முறை சரிபார்த்துக் கொடுத்த பிறகு, கணினியை அணைத்து, சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். பாயை அவிழ்த்து உதறி மடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டார்.