நான்கு மூலையும் ஒரு மௌனமும்

கல்யாணமான இரண்டாம் வருடம், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவுக்குக் குடிபோனோம். எண்பதுகளின் தொடக்கம். வண்டியிலிருந்து சாமான்களை இறக்கியபோது எங்கள் கல்யாண போட்டோவின் சட்டம் நாலு துண்டாகக் கிடந்தது. கண்ணாடி தூள். போட்டோவில் இருந்த நாங்கள் இருவரும் நல்லபடியாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தேரடிப் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், "பத்து நாள் ஆவும் சார். தீபத் திருவிழா வருதில்ல, சாமி படமா வந்து குமிஞ்சு கெடக்குது" என்றார்.

நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. பத்து நாள் ஆகும் என்று மற்றவர்களிடம் சொல்லியே பழகியவன். அதை நானே கேட்க நேர்ந்ததும் ரோஷம் வந்துவிட்டது. "நாலு குச்சி, நாலு மூலை. இதுக்குப் போய் பத்து நாளா?" என்று சொல்லிவிட்டு, அவரிடமே சட்டத்துக்கான மரத்தை வாங்கினேன். ரம்பமும் ஒரு டப்பா வெள்ளைப் பசையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பின்கட்டில் நாங்கள். முன்கட்டில் வீட்டுக்காரம்மா. ஜைனக் குடும்பம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை விளையும் நிலம் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் எல்லோரையும் விசாரிப்பார். மாடியில் ஒற்றை அறை. அதில் ஒரு வெள்ளைக்காரர், மௌன விரதத்தில் இருந்தார். நாங்கள் போனபோதே மூன்று மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு சிலேட்டு தொங்கும். அவசரமென்றால் அதில் எழுதிக் காட்டுவார்.

வீட்டுக்காரம்மாவுக்கு அவர் மேல் பெரிய மரியாதை. "எங்கள்லயும் மௌனம் இருக்கறவங்க உண்டு. சாமி வாயத் தொறந்து சொல்ற மொத வார்த்தை பலிக்கும், பாருங்க" என்பார். அந்த வார்த்தை வரும்போது தான் வெளியூரில் இருந்துவிடக் கூடாது என்று கிராமத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிணற்றடியில் வேலையை ஆரம்பித்தேன். நாலு துண்டையும் முனையில் சாய்வாக அறுத்துப் பசை தடவினேன். பசை காய அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூலைகள் நாலு, என் கைகள் இரண்டு. மனைவியைக் கூப்பிட்டேன். எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டோம். பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு சமையலறையில் பால் பொங்கியது.

"ஏங்க, பாலு!"

"அசையாதே!"

அவள் எழுந்து ஓடிவிட்டாள். எனக்கும் பால் முக்கியம்தான். திரும்பி வந்தவள் விட்ட இடத்திலேயே பிடித்தாள். மூலைதான் விட்ட இடத்தில் இல்லை.

காய்ந்ததும் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியை ஒரு பக்கம் பொருத்தினால் மறுபக்கம் தூக்கியது. கடைக்காரர் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தப் பக்கம் காத்தடிச்சுச் சாஞ்சுது?" என்றார்.

மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தையல் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தாள். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் அளந்தாள். "ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாத்தான் செவ்வகம். இதுல முக்கால் அங்குலம் ஜாஸ்தி. இது இணைகரம்ங்க."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த வருடம் இணைகரம் அந்தப் பெண்களுக்கு நன்றாகப் புரிந்ததாம். அந்த வாரக் கடைசியில் கடைத்தெருவில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி தன் அம்மாவின் கையைச் சுரண்டி, "அம்மா, இவருதாம்மா இணைகரம் சார்" என்றாள். அந்த அம்மா எனக்கு வணக்கம் வேறு சொன்னார்.

இனி கைகளை நம்பக் கூடாது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு பழைய அலமாரிக் கதவு சும்மா கிடந்தது. கேட்டு வாங்கினேன். கெட்டியான, தட்டையான பலகை. அதன்மேல் ரீப்பர் கட்டை இரண்டை எல் எழுத்துப் போல ஆணியடித்துவிட்டால், சட்டத்தின் ஒரு மூலை அதில் போய் உட்காரும். எதிர்ப்பக்கம் இரண்டிலும் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டை அடித்து, நடுவில் ஆப்பைச் செருகித் தட்டினால் சட்டம் இறுகிவிடும். பால் பொங்கினாலும் அது எழுந்து ஓடாது.

"அந்த எல்லு நேரா இருக்கும்னு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"பாத்தாலே தெரியுதே."

"மொத சட்டத்தையும் பாத்துத்தான பண்ணீங்க?"

அவளே டேப்பைப் பிடித்தாள். ஒரு ரீப்பரில் ஒன்பது அங்குலத்தில் பென்சில் கோடு, மற்றதில் பன்னிரண்டில் ஒன்று. இரண்டு கோட்டுக்கும் குறுக்கே சரியாகப் பதினைந்து வந்தால் மூலை செங்கோணமாம்; அது வரும்வரை என்னை ரீப்பரைத் தட்டச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம். ஐயோ, ஜாஸ்தி. திரும்ப இந்தப் பக்கம்." ஏழெட்டுத் தடவை தட்டியபின் பதினைந்து வந்தது. ஆணியை இறக்கினேன். வெள்ளைக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் இடையிடையே கண்ணை இறுக மூடிக்கொள்வார். தியானம் என்று நினைத்தேன்.

புதிய மரம் வாங்கி அறுத்து, பசை தடவி, பலகையில் பொருத்தி, ஆப்பைத் தட்டினேன். அசைக்க முடியவில்லை. பெருமையாக இருந்தது. மறுநாள் காலை ஆப்பைக் கழற்றிய பிறகும் அசைக்க முடியவில்லை. மூலைகளில் பிதுங்கிய பசை, சட்டத்தைக் கதவோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். "சட்டம் அம்சமா வந்திருக்கு தம்பி. கதவோடயே மாட்டிடுவீங்களா?"

மனைவி குறுக்காக அளந்தாள். இரண்டும் சமம். சரியான செவ்வகம், ஆனால் கழற்ற முடியாத செவ்வகம். உளியை வைத்து நெம்பினேன். மூன்று மூலை விட்டுப்போனது. நாலாவது கதவோடேயே நின்றுவிட்டது.

பசையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, கதவில் ஒட்டியதைச் செதுக்கி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மரத்தோடு மூன்றாவது முறையாக உட்கார்ந்தேன். முறத்தோடு வீட்டுக்காரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பசை தடவிய சட்டத்தைத் தூக்கிப் பலகைமேல் வைக்கப் போனேன்.

"பேப்பர்!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். படியிலிருந்து வெள்ளைக்காரர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மறுபடியும் கத்தினார். "பேப்பர்! பேப்பர்!"

முறம் கீழே விழுந்தது. வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளைக்காரர் யாரையும் கவனிக்காமல் இறங்கி ஓடிவந்து, மனைவி பக்கத்தில் கிடந்த பழைய செய்தித்தாளைக் கிழித்து நாலு மூலைக்கும் அடியில் விரித்தார். என் கையிலிருந்த சட்டத்தை வாங்கி வைத்தார். ஆப்பை இரண்டு தட்டுத் தட்டினார். அதன் பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரி" என்றேன். ஒரு மனிதனின் மாதக்கணக்கான மௌனத்தைக் கலைத்துவிட்டுச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

அவர் சிலேட்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினார். மனைவி படித்துச் சொன்னாள்: "இவங்க ஊர்ல நாற்காலி செய்யறவராம். இருபது வருஷமா அதே வேலையாம். அதையெல்லாம் மறக்கத்தான் இங்க வந்தாராம்."

பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல். மனைவிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவள் திருத்திய விடைத்தாள் ஒன்றில் சிவப்புக் கோடு குறுக்கே ஓடியிருந்தது.

வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேப்பர்னு மூணு தரம் சொன்னாரே" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வரப்புத் தகராறில் தம்பியோடு ஆறு வருடமாக அவருக்குப் பேச்சில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் அப்பா காலத்து நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்துவிட்டார். மறுநாள் அதை மடியில் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார்.

பேப்பருக்கு மேல் காய்ந்த சட்டம் தொட்டதும் கையோடு வந்தது. இரண்டு குறுக்களவும் நூல் பிசகவில்லை. கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளைக்காரர் சிலேட்டில் ஒன்று என்று எழுதி, மௌனத்தை முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

நாலு நாள் கழித்து வீட்டுக்காரம்மா திரும்பினார். பின்னாலேயே தலையில் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு அவர் தம்பி. பத்திரத்தில் வரப்பு இரண்டு பேர் சொன்ன இடத்திலும் இல்லையாம், நடுவில் இருந்ததாம். மூட்டை நேராக மாடிக்குப் போனது. போகிற வழியில் எங்களுக்கும் ஒரு முறம் கடலை கிடைத்தது.

"சாமியப் பேச வெச்சது நான்தானேம்மா?" என்றேன்.

"அதுக்குத்தான தம்பி முறம்" என்றார் வீட்டுக்காரம்மா.