பஸ் அடித்த கொள்ளு

போன வாரம் மகள் கார் ஓட்ட, பக்கத்தில் நான். ஆலங்காயம் தாண்டி மலை ஏறும் ஒரு திருப்பத்தில் சடாரென்று பிரேக் போட்டாள். சாலையின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள், போகிற வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று. "ரோட்டைப் போய் இப்படி பண்ணி வெச்சிருக்காங்களே, அறிவு வேணாம்?" என்று திட்டினாள். கண்ணாடியை இறக்கினேன். சூடான தாரும் நசுங்கிய கொள்ளும் கலந்த வாசனை. "ஓரமா, மெதுவா போம்மா" என்றதோடு சரி. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்தவன். கல்யாணத்துக்கு முந்தைய வயது. தார் ரோடு புதுசு, பஸ் புதுசு, என் காக்கிச் சட்டையும் புதுசு. பஸ்ஸையே நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற மாதிரி ஒரு மிதப்பு! டீக்கடையில் உட்கார்ந்தால்கூடத் தோல்பையைக் கழற்ற மாட்டேன். ஜமுனாமரத்தூர் சந்தை நாளில் ஆடு, கோழி, பலாப்பழம் எல்லாம் ஏறும். பலாப்பழத்துக்கு டிக்கெட் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு ஒரு தனிக் கதை. அதை விடுங்கள்.

காவலூருக்கு முன்னால் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே பூங்காவனத்தக்கா என்று ஒருவர். பஸ்ஸில் ஏறினால் எனக்கு ஒரு பிடி வேர்க்கடலை தராமல் இறங்க மாட்டார். அவர் மகள் செல்வி, ஆலங்காயத்தில் ஒரு மெக்கானிக் பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டுவிட்டது: பூங்காவனம் வீட்டு வேலைக்கு யாரும் போகக் கூடாது.

அங்கே கொள்ளோ சாமையோ அடிப்பது ஒரு குடும்பம் செய்கிற காரியமில்லை. இன்று ஒருவர் களத்துக்கு ஊரே வரும். நாளை அவர்கள் அடுத்தவர் களத்துக்குப் போவார்கள். மாடு கட்டி மிதிக்க வேண்டும், தடியால் அடிக்க வேண்டும், காற்றுப் பார்த்துத் தூற்ற வேண்டும். அக்காவும், மூச்சிரைப்புக்காரரான அவர் புருஷனும் எத்தனை நாள் அடிப்பார்கள்? அறுத்த கொள்ளு களத்தில் குவிந்து கிடந்தது. மழை ஒன்று விழுந்தால் அவ்வளவும் பூஞ்சை.

"ஒருத்தரும் வரலப்பா. இத்த வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னே தெர்ல" என்று ஸ்டாப்பில் நின்று அழுதார்.

"ரோட்டுல போடுங்கக்கா. ஊரு வராட்டி போவுது, எங்க பஸ்ஸு வரும்" என்றேன். பெரிய வள்ளல்!

டிரைவர் மணியண்ணன் முறைத்தார். "செடி வீல்ல சுத்திக்கிச்சின்னா நீ தள்ளினு போவியா?" ஆனாலும் மறுநாள் அதன்மேல் ஓட்டினார். போக இரண்டு நடை, வர இரண்டு நடை. மூன்றே நாளில் கொள்ளு தனி, தோலும் சருகுமாகப் பொட்டு தனி. ஊர் ஒதுக்கிய பிறகு அக்கா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம், வந்தவர்களுக்குச் சோறு பொங்கவும் வேண்டாம். அடுத்த வருஷம் வீட்டுக்கு வீடு சாலையில் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷம்தான் செல்விக்கு ஏழு மாதம். அக்கா என்னிடம் சேதி சொல்லி அனுப்பினார்: "கோவம்லாம் போச்சு, ஒரு வாட்டி வந்துட்டுப் போவச் சொல்லு." நானே அவள் வீட்டு வாசலில் போய்ச் சொன்னேன். பஸ்ஸில் வந்தால் ஊர்க்காரர்கள் கண்ணெல்லாம் தன் மேல்தான் இருக்கும் என்று பயந்து, புருஷனோடு மொபெட்டில் வந்தாள். ஊருக்கு முந்தைய திருப்பத்தில் அம்மா பரப்பியிருந்த கொள்ளின் மேலேயே வண்டி சறுக்கியது. உதிர்ந்த கொள்ளு டயருக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். அது எனக்குத் தெரியும். நடந்து போகும்போது நானே ஒரு தடவை விழுந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, மானம் போகுமே என்று.

நாங்கள் போனபோது, மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ, தொண்டை கட்டிப் போயிருந்தது. மருமகன் கைகால் சிராய்ப்போடு வண்டி தேடி ஓடியிருந்தான். களமாக இருந்திருந்தால் சுற்றி இருபது பேர் இருந்திருப்பார்கள். மணியண்ணன் பஸ்ஸை ஆலங்காயத்துக்கே திருப்பினார். உள்ளே இருந்த அந்த ஊர்ப் பெண்கள்தான் செல்வியை ஏந்திக்கொண்டார்கள். கட்டுப்பாடு அன்றோடு ஒழிந்தது. செல்வி பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை.

அக்கா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுவருஷம் அதே திருப்பத்துக்குச் சற்று மேலே அவர் மறுபடியும் கொள்ளு காயப்போட்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"வேணாங்க்கா. களத்துக்கே கொண்டுபோயிடுங்க. நான் அன்னிக்கி சொன்னது தப்பு."

"நீ சொல்லலன்னா அந்த வருசம் நாங்க இன்னாத்த துன்னுருப்போம்?" என்றார். குரலில் கோபமே இல்லை. "களத்துக்குக் கொண்டுபோய் யாரக் கூப்புடறது? அவங்கள்லாம் அதோ கீறாங்க பாரு."

பார்த்தேன். சாலை நெடுக ஆளுக்கொரு துடைப்பத்தோடு, தன் தன் கொள்ளைக் காத்துக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். பஸ் மறுபடி கிளம்பி, எல்லார் கொள்ளின் மேலும் ஏறிப் போனது.

பூங்காவனத்தக்கா இப்போது இல்லை. களம் இருந்த இடத்தில் உண்ணிமுள் மண்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் களம் அடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு வீடாகப் போய், "நாளைக்கு நம்ம களம், வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அந்த ஊரில் இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் ஒன்றுகூட அதைக் கேட்டதில்லை. ஊர் அக்காவை ஒதுக்கி வைத்தது ஒரு வருஷம். அதன்பிறகு அங்கே எல்லோருமே தனிதான். அதற்கு வழி காட்டியவன் நான்.