பச்சை மையில் ஒரு நட்புறவு

காலையில் தேநீருக்கு முன்னால் இங்கே வெப்பமானி வருகிறது. விமான நிலையத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பதினொரு இந்தியர்களை அடைத்திருக்கிறார்கள். கையுறை போட்ட ஆள் அதை வாய்க்குள் செருகிவிட்டு நாலு எட்டு தள்ளி நிற்கிறான். எட்டு வருடம் இந்த வளைகுடா நாட்டின் குழாய்களுக்கு வெல்டிங் வைத்தவன் நான். அப்போதெல்லாம் என் மூச்சு யாருக்கும் உறுத்தவில்லை.

லீவில் ஊரப்பாக்கம் வந்திருந்தேன். சூரத்தில் பிளேக் என்றார்கள். இந்த நாடு இந்திய விமானங்களை நிறுத்தியது. என் ரீ-என்ட்ரி விசாவுக்குப் பத்து நாள்தான் மிச்சம். அதற்குள் நுழையாவிட்டால் வேலை போய்விடும். டெல்லியோ, பயப்பட ஒன்றுமில்லை, நட்பு நாடுகள் புரிந்துகொண்டுள்ளன என்று அறிக்கை விட்டது. எட்டாவதோடு நின்றவன், நம்பினேன். செய்தித்தாளிலிருந்து அதை வெட்டி ஜெராக்ஸ் எடுத்தேன்.

தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளி தேசிங்கு சிரித்தான். "மச்சான், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லாத காயிதத்த எவன் மதிப்பான்? பச்ச இங்க்ல ஒண்ணு வாங்கிக்கினு போ, எமனே உள்ள வுடுவான்."

சாதிச் சான்றிதழ் முதல் வேலை மனு வரை நாங்கள் அப்படித்தான் பிழைத்திருக்கிறோம். அன்று கிடைத்தவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். ஒரு கன்றுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவி வந்தார்.

"இதுல இருக்கறது நெஜம்னு நான் சொல்லலப்பா. நகல் சரியா இருக்கு, அவ்ளோதான்."

"அது போதும் சார்."

"அப்டியே இவனுக்கும் ஒரு ஊசி போட்டுடுங்க சார்" என்றான் தேசிங்கு.

கொழும்பு வழியாக வந்து இறங்கியபோது விசாவில் மூன்று நாள் இருந்தது. பாஸ்போர்ட் கவுண்ட்டருக்கு முன்பே மறித்த அதிகாரியிடம் பச்சை மையை நீட்டினேன். அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொண்டோம்.

"இந்த டாக்டர் உன்னைப் பரிசோதித்தாரா?"

"இல்லை சார், பேப்பரை."

"சூரத்?"

"தாம்பரம் பக்கம். ரெண்டு நாள் ரயில் தூரம்."

"இந்தியாதானே?"

"இந்தியா."

கொட்டகையைக் காட்டினான். ஆறு நாள் என்றான்.

இரண்டாம் நாள் நம் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து கம்பிவேலிக்கு அப்பால் நின்றார். நங்கநல்லூர்க்காரராம்.

"சார், நாளைக்கு என் விசா முடியுது."

"டெலிகேட்டான நேரம். உங்க ஒருத்தர் கேஸை எடுத்தா ரெண்டு நாட்டு ரிலேஷனே ஸ்பாயில் ஆயிடும். எங்க கவலையைத் தெரிவிச்சிருக்கோம்."

"யாருகிட்ட?"

வாட்சைப் பார்த்தார். வேலிக்குள்ளிருந்து நாங்கள் நீட்டிய தேநீரைக்கூட வாங்கவில்லை.

இன்று ஆறாம் நாள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. கதவைத் திறந்துவிட்டார்கள். கவுண்ட்டரில் இருந்தவன் தேதியைப் பார்த்துத் தலையாட்டினான்.

"விசா முடிந்துவிட்டது."

"இங்கேதானே இருந்தேன்!"

"நீ இன்னும் வரவே இல்லை" என்றான், பொறுமையாக. அவன் தலைக்கு மேலே தொலைக்காட்சியில் இரண்டு நாட்டு அமைச்சர்களும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் கொழும்பு விமானத்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை விரித்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் மீனம்பாக்கத்தில் குத்திய புறப்பாட்டு முத்திரை. இந்த நாட்டு முத்திரை விழ வேண்டிய வலப்பக்கம் வெறும் தாள். இரண்டுக்கும் நடுவே தையல் நூல் ஓடும் இடத்தில்தான் ஆறு நாளாகக் குடியிருக்கிறேன்.