ரிவர்ஸ் எடுக்காத டிரெய்லர்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் 'ரவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லி. அந்தப் பட்டத்துக்குக் காரணம் அவர் உடம்பு இல்லை, அவருடைய டிரெய்லர். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் அந்தச் சின்ன வண்டியில்தான் பழுது பார்த்த மெஷின்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவார். கடை வாசலைக் கொஞ்சம் தாண்டி நிறுத்திவிட்டால் வேறு யாராக இருந்தாலும் வண்டியைப் பின்னால் எடுப்பார்கள். அவர் எடுக்க மாட்டார். நேராகப் போய், பள்ளிக்கூடத்தைச் சுற்றி, சந்தையைச் சுற்றி, மறுபடியும் தெருமுனைக்கு வந்து, இந்த முறை சரியாக வாசலில் நிறுத்துவார். ஏன் என்று கேட்டால், டிரெய்லரோடு பின்னால் போவது பாதுகாப்பு இல்லை என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார்.

விதி என்றால் அவருக்கு உயிர். கிளம்புவதற்கு முன் டிரெய்லரை ஒரு முறை சுற்றி வருவார். காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டையின் மேல் டிரெய்லரின் மூக்கு சரியாக உட்கார்ந்து பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டுவார். மூக்கு கழன்றுவிட்டால்கூட ரோட்டில் குத்தாமல் சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கிக்கொள்ளும் என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார். டயரில் காற்று பார்ப்பார், கயிற்றை இழுத்துப் பார்ப்பார். கடைசியாக விளக்கு. அதற்கு அவர் மனைவி வேண்டும். அவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். அந்த அம்மா சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

"பிரேக் எரியுது. லெஃப்ட் எரியுது. ரைட் எரியுது. அங்க அடுப்பும் எரியுது, நான் போலாமா?"

இவ்வளவு கவனமான மனிதருக்குச் சில மாதங்களாக ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் எழமாட்டார். எழுந்து வந்து பார்த்தால் டிரெய்லர் சங்கிலி வேறு மாதிரி இருக்கும். அவர் எப்போதும் வலது சங்கிலியை மேலே விடுவார். இதில் இடது மேலே கிடக்கும். யாரோ வண்டியை எடுத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்கவே தேவையில்லை, மச்சினன்தான். மனைவியின் தம்பி இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை மணல் எடுக்க டிரெய்லரைக் கேட்டு வந்து, சங்கிலியைப் பற்றி ஒரு பெரிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவன். கேட்டால் கிடைக்காது என்று திருட்டுத்தனமாக எடுக்கிறான் என்று ரவுண்டு முடிவு கட்டிவிட்டார். அதிலிருந்து மச்சினன் வந்தால் "வா" என்பதோடு சரி. அடுத்த வார்த்தை கிடையாது. அவனுக்கோ ஒன்றும் புரியவில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. அங்கே துணி துவைக்கும் பெரிய மெஷின் ரவுண்டின் கடையில்தான் கிடந்தது. அவருடைய வேலையில் பாதி அந்த இல்லத்தை நம்பித்தான் ஓடியது. இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா அதட்டாமல்தான் பேசினார். படுக்கை விரிப்புகள் மலை மாதிரி குவிந்துவிட்டன, இன்று மதியத்துக்குள் மெஷின் வராவிட்டால் இனிமேல் எல்லா மெஷினையும் வேறு கடையில் கொடுத்துவிடுவோம் என்றார். அவர் அமைதியாகச் சொன்னதுதான் ரவுண்டைப் போனை வைத்த கையோடு டிரெய்லரிடம் ஓட வைத்தது.

மெஷின் தயாராகத்தான் இருந்தது. கூடவே வேறு வீடுகளுக்குப் போக வேண்டிய இரண்டு சின்ன மெஷின்களும் இருந்தன. அந்த இரண்டையும் டிரெய்லரின் முன்பக்கம் ஏற்றினார். பெரியதைக் கடைசியாக, பின்கதவை ஒட்டி ஏற்றினார். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும் என்பது அவர் வழக்கம். அதற்குள் இன்னொரு ரகசியமும் இருந்தது. இல்லம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. உள்ளே போனால் வண்டியைத் திருப்ப இடமில்லை. சந்து முனையில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, பலகை போட்டு, கதவோரம் இருக்கும் மெஷினைச் சறுக்கி இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டால் ரிவர்ஸ் என்ற பேச்சே எழாது.

பலகை பிடிக்க மனைவியும் கூட வந்தாள். ஏறுவதற்கு முன் காரைப் பார்த்தாள்.

"ஏங்க, காரோட பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே?"

ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார் ரவுண்டு. சங்கிலியை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஏறினார்.

வழக்கமாக அவர் டிரெய்லரோடு போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே களைத்துப்போவார்கள். அன்று நேரமாகிவிட்டதால் கொஞ்சம் வேகமாகத்தான் போனார். மேம்பாலத்தில் ஏறும்வரை ஒன்றுமில்லை. இறக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தவர் திடுக்கிட்டார். டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவது போல இடதும் வலதுமாக ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரையும் சேர்த்து இழுத்தது. பக்கத்தில் ஒரு பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. இப்படி ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். ஆனால் அவருடைய கால் அவர் எடுத்த பாடத்தைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அது நேராகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாதீங்க," என்றாள் மனைவி. "காலை எடுங்க. ஸ்டியரிங்கை நேரா புடிங்க. நீங்க சொன்னதுதான்."

கால் நின்றது. கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டார். கார் தானாக வேகம் குறைந்தது. ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பாலத்தின் கீழே இருந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். மனைவியும் இறங்கி வந்து, தூக்கியிருந்த காரின் பின்பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினாள். அவள் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவருக்கு.

பாரம் முழுக்க வாலில் இருந்ததால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. அது காரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. எல்லாவற்றையும் சரிபார்த்தவர் பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதை மட்டும் தன் வசதிக்கு விட்டுவிட்டார். பங்கில் காற்று அடிக்கிற இருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு மூன்றையும் இறக்கினார்கள். பெரிய மெஷினைச் சக்கரங்களுக்கு மேலே, ஒரு சாண் முன்னால் வைத்தார்கள். சின்னதுகளைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். அவர் மூக்கைக் கழற்றி மறுபடியும் பூட்டினார், சங்கிலியை மனைவி மாட்டினாள். இப்போது காரும் டிரெய்லரும் ஒரே மட்டத்தில் நின்றன. கிளம்பிய பிறகு டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வந்தது.

சந்து முனைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெரிய மெஷின் இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் மற்ற இரண்டையும் பஸ் நிற்கும் இடத்தில் இறக்கி வைக்க வேண்டும். அதற்குள் வரிசையாக நாலு பஸ் டிரைவர்கள் அவருடைய பரம்பரையையே விசாரித்துவிடுவார்கள். மெஷின் இறங்க வேண்டுமென்றால் டிரெய்லரின் பின்கதவு இல்லத்தின் துணி துவைக்கும் அறை வாசலுக்கு வர வேண்டும். அதாவது, சந்து முழுக்க ரிவர்ஸில் போக வேண்டும்.

இல்லத்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. ரவுண்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போனது. பதறி அதே பக்கம் மேலும் ஒடித்தால் அது இன்னும் மடங்கி காரின் இடுப்பில் இடிக்க வந்தது. முன்னால் எடுத்து நேராக்கினார். மறுபடியும் மடங்கியது. ஒரு தாத்தா வலது என்றார். அடுத்த நாற்காலிக்காரர் இடது என்றார். இரண்டு பேருக்கும் சண்டை வந்து, வண்டியை மறந்துவிட்டு பழைய கதை எதையோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். பொறுப்பாளர் அம்மா வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார்.

ரவுண்டு எஞ்சினை அணைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு ரிவர்ஸ் வராது," என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்ங்க."

"யாருக்கு?"

"தெருவுக்கே தெரியும். பின்ன எதுக்கு ரவுண்டுன்னு கூப்பிடறாங்க? இறங்குங்க, நான் எடுக்கறேன். நீங்க பின்னாடி கண்ணாடியில எனக்குத் தெரியற மாதிரி நில்லுங்க."

அவள் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்தாள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொஞ்சமாக நகர்த்தினாள். வண்டி நடக்கிற வேகத்தில் வந்தது. கோணினால் உடனே சின்னதாகத் திருத்தினாள். ஒரு தடவை மட்டும் நிறுத்தி, முன்னால் எடுத்து, நேராக்கிக்கொண்டு மறுபடியும் வந்தாள். ரவுண்டு கையை உயர்த்தி 'போதும்' என்றபோது பின்கதவு அறை வாசலுக்கு எதிரே நின்றது. தாத்தாக்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

அவர் போய் டிரெய்லரின் மூக்கருகே குனிந்தார். பெட்ரோல் பங்கில் சங்கிலியை மாட்டியது மனைவிதான். இடது சங்கிலி மேலே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை எடுத்தது நீயா?" என்று நிமிர்ந்து கேட்டார்.

"சந்தை மைதானம் அன்னிக்குக் காலியாத்தான கெடக்கும். அங்கதான் ரிவர்ஸ் பழகினேன். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்தைச் சுத்தி வந்து எனக்குத் தலை சுத்திப்போச்சு. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

மெஷின் இறங்கி ஓட ஆரம்பித்தது. பொறுப்பாளர் அம்மா போனைப் பைக்குள் போட்டார். வேலை எப்போதும்போல இந்தக் கடைக்கே வரும் என்றவர், ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். மெஷினைக் கொண்டு வரும்போது இந்த அம்மாவும் வர வேண்டும்.

இரண்டு சின்ன மெஷின்களையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் மனைவிதான் ஓட்டினாள். கடையைத் தாண்டிப் போய்விட்டு, சாவதானமாகப் பின்னால் வந்து வாசலில் நிறுத்தினாள். எதிர்க்கடை இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

ரவுண்டு இறங்கிக் கடைக்குள் போகாமல் நேராக மச்சினன் வீட்டுக்கு நடந்தார். டிரெய்லர் வேண்டுமானால் எடுத்துக்கொள், எத்தனை நடை வேண்டுமானாலும் மணல் அடி என்றார். பழைய பழக்கத்தில், போகிற போக்கில், பாரத்தைச் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும், ஏனென்றால் என்று ஆரம்பித்தார்.

மச்சினன் பக்கத்தில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டான்.

"பரவால்ல மாமா," என்றான். "நான் தலையிலயே சுமந்துக்கறேன்."