நான் மெய் சொன்ன மத்தியானம்

தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருடங்கள் அவை. பாறசாலைக்கு மேற்கே ஒரு சிறிய சபையில் அப்பா உபதேசியாராக இருந்தார். எனக்கு இருபத்தொரு வயது. நெய்யாற்றின்கரையில் மலையாளம் படித்துவிட்டு, சபைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற பத்துக் கற்பனைகளை மனப்பாடம் செய்விப்பதும் என் வேலை.

அன்று அப்பா காட்டாக்கடைக்கு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். நான் அடுக்களையில் மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கோஷம் கேட்டது. பிறகு அது கலைந்து, ஓடுகிற கால்களின் சத்தமாக மாறியது. கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். காதோரத்திலிருந்து ரத்தம் வழிந்து சட்டையின் தோள் நனைந்திருந்தது.

"அக்கா, இச்சிரி வெள்ளம் தாருங்கோ" என்றார்.

தண்ணீர்க் குடம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "போங்கோ, போலீசு வரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் கதவில் சாய்ந்து நின்றார். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு நகர்ந்து போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த விளைத் தோட்டத்தில் பனையேறுகிறவர் ஒருவர் குடியிருந்தார். அவருடைய மனைவி எங்கள் சபையாள்தான். எழுத்து தெரியாது, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுவார். அந்த அக்கா கைதைத் தாழை வேலியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்து, "வாரும், கேறி வாரும்" என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முள் கையைக் கிழிப்பதை அக்கா பார்த்ததாகவே தெரியவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தார்களா என்று மூத்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "உபதேசியுடெ மகளல்லே? இங்ஙோட்டு ஆரெங்கிலும் வந்நோ?"

பொய் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பயமும் இருந்தது, ஆனால் அந்த நேரம் பயத்தை நான் பயமென்று நினைக்கவில்லை, பக்தி என்று நினைத்தேன். "வந்நு. அங்ஙோட்டு போயி" என்று வேலியைக் காட்டினேன். திருத்தமான மலையாளம். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அவர்கள் வேலியைத் தாண்டிப் போனார்கள். அக்கா முற்றத்தில் நின்றார்.

"ஆரும் வரல்லே சாறே."

"வந்நூன்னு பறஞ்ஞல்லோ!" என்று போலீஸ்காரர் எங்கள் வீட்டைக் காட்டினார்.

"கர்த்தர் சத்தியமா ஆரும் வரல்லே."

லத்தி அவருடைய இடது மணிக்கட்டில் விழுந்தது. பச்சைக் கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. குடிசையைக் கலைத்துப் போட்டுத் தேடினார்கள். அக்கானிப் பதனீர் காய்ச்சுகிற சாய்ப்புக் கொட்டகையில் பனையோலைக் கட்டுகளுக்கு அடியில் அந்த ஆள் கிடந்தார். அந்த ஓலையை விலக்கிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் போன பிறகு, சாயங்காலம், அக்காவின் புருஷன் அந்த ஆளை வயல்வழியே கூட்டிக்கொண்டு போய் எங்கேயோ விட்டுவிட்டு வந்தார்.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். வேலியை நான் காட்டியதையும் சொன்னேன். "சத்தியத்துல நின்ன, அது போதும்" என்றார். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், போலீசுக்கு முன்னாலும் பொய் சொல்லாத ஒரு வாலிபப் பெண் நம் சபையில் உண்டு என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிப் பாயில் அந்த அக்கா கையில் பச்சிலைக் கட்டோடு உட்கார்ந்து போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மணிக்கட்டு எலும்பு கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் அவர் பாதியில் எழுந்து போய்விடுவார். இருதயம் கடினப்பட்டுவிட்டது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். என்மேல் உள்ள கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்று வருடம் அவர் வீட்டு வழியைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தனியாக இருக்கும்போது பின்வாசலில் யாரோ சாய்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். திறந்து பார்ப்பேன். முற்றத்தில் வெயில் மட்டும் கிடக்கும்.

பிறகு எல்லை கிழித்தார்கள். விளவங்கோடு மதராசோடு அந்தப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்தோடு இந்தப் பக்கம் நின்றுபோனோம். அந்த வருடம் ஒருநாள் துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிப் பாகை ஒற்றைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணைக்கு வழி காட்டினது நானாக்கும்."

"தெரியும் மக்கா. நீ சொன்னது இங்க கேட்டுதே."

"என்மேல தேஷ்யம் இல்லியா?"

"என்னத்துக்கு? ஒனக்கு பேடி, பயந்துட்ட. எனக்கும் பேடிதான்."

"பின்ன ஏன் திருவிருந்துக்கு நிக்காம போறிய?"

துழாவுவதை நிறுத்தினார். "கர்த்தருக்க பேரச் சொல்லி பொய்சத்தியம் பண்ணின வாயாக்கும் இது. இதுல எப்பிடி அப்பம் வாங்குகது? சபை ஐயருட்ட கேட்டேன். மனஸ்தாபப்படு, சரியாப் போவும்னாரு. நானும் எத்தனையோ மட்டம் முட்டுகுத்திப் பாத்தேன், வருத்தம் வரல்லே மக்கா. இன்னொருக்க ஒருத்தன் அப்பிடி வந்து நிண்ணா அதுதானே சொல்லுவேன்? வருத்தம் இல்லாம வருத்தம்னு சொன்னா அது இன்னொரு பொய்யில்லியா?"

"அக்கா, அது பாவமில்ல" என்றேன்.

"நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும்" என்று சிரித்தார். ஆனால் நம்பவில்லை. என் மெய்யைச் சபையே மெச்சியிருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லுகிற எந்த ஆறுதலுக்கும் அவரிடம் எடை இல்லை.

போதகரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கற்பனையை நாம மாத்த முடியாது, டீச்சரே" என்றார். நான் சபையில் எழுந்து நின்று, அன்று சரியாக நடந்தது நானல்ல, அக்காதான் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வேதபாடம் வாசிக்கிற குரல் எனக்கு உண்டு, கடைசிப் பாய்வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு என்று நினைத்தேன். அப்படியே ஐந்து வருடம் போயிற்று. ஓர் இடவப்பாதிப் பருவமழையில் காய்ச்சல் வந்து அக்கா செத்துப்போனார்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். புருஷன் மட்டும் ஈர மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றார். என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சரே, அவளுக்கு அங்க குடுப்பாவளா, திருவிருந்து?"

"முதல்ல அவியளுக்குத்தான் குடுப்பாவ அண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தோர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். இதைச் சொல்ல வேண்டிய வருடங்களில் சொல்லாமல், கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போன பிறகு சொல்லியிருந்தேன். அடுத்த திருவிருந்து ஞாயிறு வழக்கம்போல வரிசையில் போய் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.