மரத்தூள் அக்கா

தண்ணீர் கேன் போடுகிற அக்காவை எங்கள் வட்டாரத்தில் மரத்தூள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் மெக்கானிக் பட்டறையில் பிறந்த பெயர் அது. ஊர் சொல்கிற கதையில் அக்கா ஒரு மக்கு. நடந்ததை நான் சொல்கிறேன். தையற்காரர் காதுக்கு மட்டும் போகக் கூடாது. தையற்காரர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர்.

அக்காவின் பிக்கப் வண்டி அவருடைய அண்ணனிடம் வாங்கியது. அண்ணன் தச்சர். கதவும் நிலையும் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியைத் தங்கைக்குத் தள்ளிவிட்டுத் தான் புதிது வாங்கிக்கொண்டார். தையற்காரருக்கு அதில் துளியும் சம்மதமில்லை. மைத்துனர் செய்துகொடுத்த கட்டில் ஒரே வருடத்தில் காலை ஒடித்துக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கை போய்விட்டது. இந்த வண்டியிலும் ஏதாவது தில்லுமுல்லு இருந்தால் உன் அண்ணன் என் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அக்காவுக்கோ பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த அண்ணன் ஒருவர்தான் மிச்சம். ‘எங்க அண்ணன் அப்படிச் செய்யாது’ என்று ஒற்றைக் காலில் நின்று வண்டியை வாங்கினார்.

சில மாதம் வண்டி பூனை மாதிரி ஓடியது. பிறகு பின்பக்கம் ஒரு ஊளை. டயர்தான் என்றார் அண்ணன். அக்கா டயர்களை முன்னே பின்னே மாற்றிப் போட்டுப் பார்த்தார். சத்தம் இடம் மாறவில்லை. அப்புறம்தான் என்னிடம் வந்தார். தையற்காரரும் கழுத்தில் அளவு நாடாவோடு கூடவே வந்தார்.

நான் அக்காவோடு ஒரு சுற்றுப் போனேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. இடது வலது ஒடித்துப் பார்த்தேன். வளைவில் சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. சக்கரத்து பேரிங் போயிருந்தால் வளைவில் காட்டிக்கொடுத்துவிடும். இது நடுவில் இருக்கிற கிரவுன், பின் அச்சில் தொங்குகிற பல்சக்கரக் கூடு. அதற்குள் இருக்கும் ஆயிலைப் பார்க்க வேண்டும் என்றேன். அதுக்குன்னு தனியா ஆயில் இருக்கா என்று கேட்டார் அக்கா. அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

திரும்பி வந்தால் பட்டறையில் அண்ணன் நிற்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூட்டையெல்லாம் திறக்க வேண்டாம், கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்று எனக்கே வைத்தியம் சொன்னார். மரவேலைக்காரருக்கு இரும்பில் என்ன அக்கறை என்று எரிச்சலாக வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, அடி நட்டைக் கழற்றினேன்.

ஆயில் வரவில்லை. கூழ் வந்தது. கறுப்பாக, திப்பி திப்பியாக, நடுவில் இரும்புப் பொடி மினுங்க. விரலில் தேய்த்துப் பார்த்து, “மரத்தூள்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. இது விற்கிறவர்கள் செய்கிற வேலை. பல் தேய்ந்து கத்துகிற கூட்டுக்குள் மரத்தூளை அடைத்தால் கொஞ்ச காலம் சத்தம் அமுங்கும். வாங்கியவன் தலையில் பிறகு விடியும்.

தையற்காரர் மெதுவாக மைத்துனர் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தும்விட்டார்.

“நான்தான் போட்டேன்” என்றார் அக்கா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சத்தம் வந்துச்சு. மரத்தூள் போட்டா அடங்கும்னு கேன் ஏத்துற இடத்துல சொன்னாங்க. போட்டேன்.”

ஆயில் ஊற்றுகிற நட்டு மேலே மாதக்கணக்கான துருவும் மண்ணும் இறுகிக் கிடந்தது. தனியாக ஆயில் இருக்கிறதா என்று கேட்டவர் அதை எப்போது திறந்தார்? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தையற்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலைக்குக் காத்திருந்த இரண்டு டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “மரத்தூள் அக்கா” என்று அதில் ஒருவன்தான் ஆரம்பித்தான். அக்காவின் காது வரை சிவந்துவிட்டது. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். பிறகு, “சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான்” என்று சொல்லி அவரும் சிரித்தார்.

அப்போதுதான் அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அதுவரை பட்ட அவமானம் அவராகப் போட்டுக்கொண்ட வேஷம். அந்த நிமிஷத்தில் பட்டது நிஜம். என்னால் பார்க்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கூட்டை இறக்கி டீசலில் கழுவினேன். பேரிங்குகள் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன. கிரவுனும் அதைச் சுற்றிவிடுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் பல் போயிருந்தன, ஜோடியாக மாற்றினேன். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, சாயம் அழிகிற இடம் பல்லின் நடுவுக்கு வரும்வரை இடையில் செருகுகிற தகட்டை மாற்றி மாற்றிப் பொருத்தினேன். கோபத்தில் இருக்கும்போது என் வேலை சுத்தமாக இருக்கும்.

வண்டி எடுக்க அக்கா வந்த அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். தையற்காரர் கடையில் இருந்தார். ஓட்டிப் பார்க்க மூன்று பேரும் ஏறினோம். அக்கா ஸ்டியரிங்கில், நான் ஜன்னலோரம், அண்ணன் நடுவில். முன்பு அந்த வண்டியில் கத்தித்தான் பேச வேண்டும். இப்போது அண்ணன் எச்சில் விழுங்குவது கேட்டது.

“நல்லா அடங்கிடுச்சு” என்றார் அண்ணன்.

அக்கா கியரை மாற்றி இரண்டு தெரு தாண்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “அது மரத்தூள்னு இவர் சொன்னதுமே நீதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு செகண்டுகூடச் சந்தேகம் வரலை. அதுதான் வெட்கமா இருக்கு அண்ணே. அவங்க சிரிச்சது பரவாயில்ல. நீயும் சிரிச்சியே.”

அண்ணன் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சுப் பட்டறை வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி வழிவிட்டேன். இறங்கியவர் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனிமேல் தங்கை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, “இனிமே நான் வீட்டுப் பக்கம் வரலைம்மா” என்றார்.

“ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வந்துடு” என்றார் அக்கா. “வரலைன்னா அவருக்குச் சந்தேகம் வரும்.”

வருகிறார். ஒரு ஞாயிறு தவறுவதில்லை. சாப்பிட உட்காரும்போது தையற்காரர் பெண்டாட்டியை மரத்தூள் என்று கூப்பிட்டு அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்வார். அண்ணன் சிரித்தாக வேண்டும்.