கொய்னாவை மறைத்துச் சொன்ன சாட்சி

நான் ஆலயத்தில் எழுந்து நின்று பொய்ச்சாட்சி சொன்னேன். அதை நம்பி ஒருவர் மருந்தை மறுத்தார், இறந்தார். அவர் பெயர் தங்கராசு. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வயது எனக்குக் கடந்துவிட்டது.

காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 'உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நோய் போகவில்லை' என்று யாராவது உங்கள் தலைமாட்டில் நின்று சொல்லியிருந்தால், முக்கியமாக உங்களுக்கு. அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். என்னைப் போன்றவர்களை நம்பாதீர்கள்.

அப்போது நான் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்தேன். வாரநாள்களில் சபையின் பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வராதபோது ஆராதனை நடத்துபவன். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு. பெரியாற்றுத் தண்ணீரில் வயலெல்லாம் நெல்; கொசுவுக்கும் நல்ல காலம். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஏறியவர்கள் பாதிப்பேர் காய்ச்சலோடுதான் இறங்குவார்கள்.

எனக்கு அது கரும்பலகை முன்னால் தொடங்கியது. உச்சி வெயிலில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கட்டி பலகையில் டக்டக்கென்று அடித்தது. "ஏலே, வாத்தியாரு தாளம் போடுறாருலே" என்று பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. திரும்பி அதட்ட வாயைத் திறந்தால் பல்லும் தாளம் போட்டது.

வீட்டில் என் மனைவி நேசம்மாள் கம்பளி, ஜமுக்காளம், சாக்கு என்று இருந்ததையெல்லாம் மேலே போட்டாள். நடுக்கம் நிற்கவில்லை. "இனிமே போத்துறதுக்கு வீட்ல நாந்தேன் பாக்கி" என்று சொல்லி என் கால்மேலேயே ஏறி உட்கார்ந்தாள். பிறகு நெருப்பாகக் கொதித்தது, பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமில்லாதவன்போல் பள்ளிக்குப் போனேன். அதற்கடுத்த நாள் அதே உச்சி வேளையில் மறுபடி வந்தது.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மலையாளக் கரையிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து எங்கள் ஊரில் கூட்டம் நடத்தியிருந்தார். "சகோதரா, மருந்து வேண்டா. விசுவாசம் மதி" என்பார். 'மதி' என்றால் அவர்கள் பேச்சில் 'போதும்'. சனங்கள் அழுதுகொண்டே வீட்டிலிருந்த மருந்துப் புட்டிகளைக் கொண்டுவந்து வாய்க்காலில் எறிந்தார்கள். தடுக்க வேண்டியவன் நான். சனம் என்னைப் பார்த்தது. என் இருமல் மருந்தை நானும் எறிந்தேன்.

ஆகவே, ஊராரிடம் பள்ளிக்கூட வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டு மாட்டுவண்டியில் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இந்து மதத்தவர். என்னைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தினார். கல் மாதிரி ஏதோ இடறியது. "இது மண்ணீரல் வீக்கம், ஊரில் காய்ச்சல் கட்டி என்பார்கள். உமக்கு வந்திருப்பது முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கொய்னா சாப்பிட்டால் அடங்கும். தபாலாபீசிலேயே பொட்டலம் கிடைக்கும்" என்றார். கொய்னா என்பது ஒரு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கசப்பு மருந்து.

"நாங்க ஜெபத்துல விட்டிருக்கோம்" என்றேன்.

"விடும். பொடியை முழுங்கிவிட்டு விடும். உம்ம சாமி கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்பும்" என்றார்.

நேசம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் பொட்டலத்தை வாங்கிவைத்தாள். வாழைப்பழத்தைக் கீறிப் பொடியை உள்ளே வைத்து மூடித் தருவாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பழம் கசந்தது. காய்ச்சல் அடங்கியது. காதுக்குள் மட்டும் வண்டு புகுந்ததுபோல் ஓயாத இரைச்சல். கொய்னா சாப்பிட்டவர்களுக்கு அது தெரியும்.

ஸ்தோத்திர ஞாயிறு வந்தது. சுகம் கிடைத்தவர்கள் காணிக்கையோடு எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். நான் ஒரு சேவலைக் காணிக்கையாக வைத்து எழுந்தேன். மருந்து தொடாமல் கர்த்தர் என்னைத் தொட்டார் என்றேன். சனம் அல்லேலூயா என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சுகமான வேளையில் என் காதில் வானத்துச் சங்கீதம் கேட்டது, இப்போதும் கேட்கிறது என்றேன். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் தங்கராசு முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தங்கராசு மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கினார். வீட்டார் பொட்டலம் வாங்கி வந்தபோது, உபதேசியாருக்குச் செய்தவர் எனக்கும் செய்வார் என்று தள்ளிவிட்டாராம். அவர் மனைவி பாக்கியம் என் வாசலுக்கு வந்தாள்.

"வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிராதீக."

"கேளும்மா."

"மெய்யாவே நீக ஒண்ணும் சாப்பிடலையா? நீக ஒரு வார்த்த சொன்னீகன்னா அவுக கேப்பாக. வேற யாரு பேச்சும் ஏற மாட்டேங்குது."

கதவுக்குப் பின்னால் நேசம்மாள் நிற்பது எனக்குத் தெரியும். "ஜெபம் மட்டுந்தாம்மா" என்றேன்.

ஆலயத்தில் சொன்னது பெருமைக்காகச் சொன்ன பொய். இது கொலை. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

பாக்கியம் போன பிறகு, "மீதிப் பொட்டலம் இருக்கு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டா?" என்றாள் நேசம்மாள். வேண்டாம் என்றேன். தங்கராசுக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. யாரையும் அடையாளம் தெரியாமல் இறந்தார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். குரல்கூட நடுங்கவில்லை.

பிறகு காய்ச்சல் என்னிடம் திரும்பி வந்தது. முழுவதுமாக மருந்து சாப்பிடாதவர்களுக்கு அது திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முறை கொய்னா வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செத்துவிடலாம், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

நேசம்மாள் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாகணும்னா செத்துப்போங்க. அங்கன போயிப் பேசித் தீத்துக்கலாம்னு மட்டும் நெனைக்காதீக. தங்கராசு அண்ணன் பொஞ்சாதி இங்கன இருக்கு. கதவுக்குப் பின்னாடி வாய மூடிக்கிட்டு நின்னவளும் இங்கனதேன் இருக்கேன்."

அவள் அடுப்படிக்குப் போனதும் ஜெபிக்கப் பார்த்தேன். அழகாக ஜெபிப்பேன் என்று பேர் வாங்கியவன் நான். 'பரம பிதாவே' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நடுக்கம் ஏறியது. பல் கிட்டித்த வாயோடு அவரிடம் சண்டைபோட்டேன். பாக்கியம் வாசலில் நின்றபோது என் நாக்கை ஏன் ஒட்டவைக்கவில்லை? நான் சேவலோடு எழுந்தபோது என் காலை ஏன் வாரிவிடவில்லை? என் பொய்யில் உமக்கும் பெருமை கிடைத்தது, அதனால்தான் பேசாமல் இருந்தீரா?

பதில் வரவில்லை. சத்தம் கேட்டது, ஒளி தெரிந்தது என்று இன்னொரு தரம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று விளங்கியது. அத்தனை வருடமும் நான் சபை கேட்கத்தான் ஜெபித்திருக்கிறேன். அவரிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை. புகழ்ந்தபோதெல்லாம் எதிரே யாரும் இருந்ததில்லை. திட்டியபோது இருந்தார். பழத்தை எடுத்துத் தின்றேன்.

எழுந்து நடக்க முடிந்த முதல் ஞாயிறு, சாட்சி நேரத்தில் எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். சபை மூப்பர் ஆபிரகாம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருங்கய்யா. செத்தவன் செத்துட்டான். இப்பப் பேசி சபை பேரக் கெடுக்காதீக."

நான் உட்காரவில்லை. மடியில் வைத்திருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்து, பொடியை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டேன். "நான் கேட்ட வானத்துச் சங்கீதம் இதுதான்" என்றேன். பாதிப்பேர் எழுந்து போனார்கள். எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்று அந்தப் பிரசங்கியார் சொல்லியனுப்பினார். உபதேசியார் வேலையும் பள்ளி வேலையும் போயின. பக்கத்து ஊர் ஜில்லா போர்டு பள்ளி என்னை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் சில பெரியவர்கள், அதைச் சொல்லாமலே மனந்திரும்பியிருக்கலாம் என்கிறார்கள். சொல்லாமல் திரும்பிய மனம் எந்தப் பக்கம் திரும்பியது என்று யாருக்குத் தெரியும்?

அன்று மாலை பாக்கியம் வீட்டுக்குப் போனேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன்போல் நெஞ்சு லேசாக இருந்தது. அவள் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

"கேள்விப்பட்டேன். கோயில்ல எல்லார் முன்னாடியும் சொன்னீகளாமே."

"ஆமாம்மா."

"ஒங்க வாசல்ல வந்து நின்னு கேட்டது நானா, கோயிலா?"

ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"மொத எங்கிட்டல்ல வந்திருக்கணும். ஊரே தெரிஞ்சு ஊரு வாயிலருந்து நான் கேக்கணும். அதுக்கும் ஒங்களுக்குக் கூட்டம் வேண்டியிருக்கு."

என் மனந்திரும்புதலையும் நான் மேடையேற்றித்தான் செய்திருந்தேன். அதை எனக்குக் காட்டித்தரும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவள் கோபத்தைச் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் அறைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்றேன்.

"ஆத்தாடி! ஒங்க ஜெபத்த நீகளே வச்சுக்கங்க. உள்ள மகளுக்கு மேலு சுடுது. மடியில அந்தப் பொட்டலம் இருந்தா அதக் குடுத்துட்டுப் போங்க."

மடியில் மிச்சமிருந்த பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பின் மழைக்காலம் தோறும் கொய்னாப் பொட்டலங்களோடு வீடுவீடாகப் போனேன். 'கொய்னா வாத்தியாரு' என்று பேராகிவிட்டது. "சங்கீதம் கேக்குதா வாத்தியாரே?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். கேட்கிறது என்பேன். மூப்பர் ஆபிரகாம் வீட்டில்கூடப் பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டார்கள். பாக்கியமும் வாசலில் நின்று வாங்கிக்கொள்வாள். உட்காரச் சொன்னதில்லை. ஜெபிக்க நானும் கேட்கவில்லை.

யுத்தம் வந்தது. கொய்னா மரம் வளர்க்கும் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததும் கொய்னா வரத்து நின்றது. தபாலாபீசில் கையை விரித்தார்கள். அந்த வருடம் பார்த்து என் காய்ச்சல் திரும்பியது. இருந்த பொட்டலங்களைக் கொடுத்து முடித்திருந்தேன். கட்டி விலாவைத் தாண்டித் தொப்புள் பக்கம் இறங்கியிருந்தது.

ஒரு மத்தியானம், நடுக்கம் விட்டுக் கொதிப்பு ஏறும் நேரம், பாக்கியம் உள்ளே வந்தாள். என் வீட்டு நிலைப்படியை அவள் தாண்டியது அதுதான் முதல் தடவை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான் கொடுத்த பொட்டலங்களில் மிச்சம் பிடித்து வைத்திருந்தவை.

"தண்ணி கொண்டாங்கக்கா" என்றாள் நேசம்மாளிடம். என்னிடம், "முழுங்குங்க. நான் பாக்கணும். ஒங்க வாய நம்ப முடியாது."

முழுங்கினேன். வாயைத் திறந்தும் காட்டினேன். நேசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியம் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இப்ப வேணும்னா ஜெபம் பண்ணுங்க. சத்தம் வரக்கூடாது" என்றாள்.

கண்ணை மூடினேன். வேர்த்து உடம்பு நனையும்வரை மூன்றுபேரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவள் எழுந்து போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கர்த்தர் எப்போதோ மன்னித்துவிட்டார், விட்டுவிடுங்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. புருஷனை இழந்தது கர்த்தர் இல்லை.

நோயாளிகளே, மருந்தைச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதை ஊரறியச் சொல்லுங்கள். கர்த்தரிடம் சண்டை போட வேண்டுமானால் போடுங்கள், தாங்குவார். அவருக்காகப் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்கு இன்னும் நாள்கள் காய்ச்சல் நாள், காய்ச்சல் இல்லாத நாள் என்றுதான் மாறிமாறி வருகின்றன. உடம்பு சுடாத வருடங்களிலும் அப்படித்தான். குளிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கை போனால் அந்தக் கல் இருக்கிறது. இடது காது அநேகமாகப் போய்விட்டது. இரைச்சல் மட்டும் போகவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் முதலில் அதுதான் கேட்கிறது. அது என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அங்கிருந்துதான் பேசத் தொடங்குகிறோம்.